பாடப் புத்தகத்துக்குள் இரும்புக்கை
(இரண்டாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை)

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, 'இளைஞனே எழுந்திரு' என்று ஏதாவது எழுதித் தரலாம் என்றுதான் நினைத்தேன். நானே காலையில் ஏழரைக்குத்தான் எழுந்திருக்கிறேன். அதனால் இந்த வருடம் படித்த கதைப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன். "அரியர் வச்சிருக்கிறவனுக்குக் கதைப் புத்தகம் ஒரு கேடா?" என்று கேட்பீர்கள். ஒரே ஒரு அரியர்தான். கணக்கு.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். அப்பா இரண்டாம் வகுப்போடு சரி. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நம்மில் பாதிப் பேர் வீடு இப்படித்தான். அங்கே புத்தகம் என்றால் பாடப் புத்தகம். மற்றது எல்லாம் எடைக்குப் போட வேண்டியது. "ஃபீஸ் கட்டி அனுப்புறது இதுக்கா?" என்று கேட்டுவிட்டால் பதில் சொல்ல முடியாது. ஆகவே எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் புத்தகத்துக்குள் வைத்துத்தான் காமிக்ஸ் படிப்பேன்.

நாங்கள் சிவகாசிக்காரர்கள். 1972-ல் முத்து காமிக்ஸ் எங்கள் ஊரிலிருந்து கிளம்பியபோது, வந்த முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். ஆள் நம்ம ஊர் இல்லை. 1962-ல் இங்கிலாந்தில் ஒரு வாரப் பத்திரிகையில் பிறந்தவன். படம் போட்ட ஜீசஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். எனக்குக் கிடைத்தது பழைய பேப்பர் கடையில், அட்டை இல்லாமல். புதுப் புத்தகங்கள் விற்கிற விலைக்கு நம்மால் அட்டையைத்தான் பார்க்க முடியும்.

கதை தெரியாதவர்களுக்கு: ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளனாக இருக்கும் ஒருவனுக்கு விபத்தில் வலது கை போய்விடுகிறது. இரும்புக் கை பொருத்துகிறார்கள். இன்னொரு நாள் பலத்த ஷாக் அடிக்கிறது. உடம்பு முழுக்க மறைந்து, அந்தக் கை மட்டும் தெரிகிறது. மறைய வேண்டும் என்றால் மின்சாரம் பாய்ச்சிக்கொள்வான். நம் லேபில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆக வேண்டும் என்று படிக்கிறோம். மாயாவி நம் லேபுக்கு வந்தால் மறையவே முடியாது! அது கிடக்கட்டும். இவன் முதல் கதையில் நல்லவன் இல்லை, திருடுகிறான் என்பது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு உளவுத் துறையில் சேர்ந்து உத்தமனாகிவிட்டான். அங்கேயே எனக்குக் கொஞ்சம் சுவாரசியம் குறைந்துவிட்டது.

ஒருநாள் ராத்திரி அப்பா பாடப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏய்யா, கை மட்டும் தெரியுது. ஆள் எங்கே?" என்றார். சொன்னேன். "அப்ப நல்லதுதான்" என்று போய்விட்டார்.

அப்பாவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. நான் ஆறு வயசாக இருக்கும்போது, வேலை பார்த்த பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் போனது. "கவனிக்காம கையை விட்டுட்டான்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் அடுத்து பூமணியின் 'வெக்கை'யை வாய்விட்டே வாசித்தேன். பூமணி நம் பக்கத்துக் கோவில்பட்டிக்காரர். 1982-ல் எழுதியது. பதினைந்து வயசுப் பையன், தன் அண்ணனைக் கொன்ற பணக்காரனின் கையை வெட்ட வேண்டும் என்று போகிறான். ஆள் செத்தே போகிறான். பிறகு அப்பனும் பிள்ளையும் காடு மலை என்று ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுத்தார்கள், எதைப் பொங்கித் தின்றார்கள் என்பதுதான் பெரும்பாலும் கதை. பேச்சு எல்லாம் நம்ம வீட்டுப் பேச்சு. புத்தகத்தில் இப்படி அச்சடிக்கலாமா என்று எனக்கே ஆச்சரியம்.

இதைத்தான் 2019-ல் 'அசுரன்' என்று படம் எடுத்தார்கள். அப்பா டி.வி.யில் பார்த்திருக்கிறார். "கடைசியில படிப்பைப் பத்தி ஒண்ணு சொல்வாரே, அது எங்கே?" என்று கேட்டார். நாவலில் அது கிடையாது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. படம் வந்த பிறகு மாமா, சித்தப்பா, டீக்கடைக்காரர் என்று எல்லாரும் அந்த வசனத்தை என் தலையில் வைத்துவிட்டார்கள். அரியர் வரும்போது அது ரொம்பக் கனக்கிறது. பூமணி யாருக்கும் புத்தி சொல்லவில்லை. படமும் நல்ல படம்தான், ஆனால் என் ஓட்டு நாவலுக்கு.

கையை வெட்டத்தான் போனான் என்ற இடம் வந்தபோதே அப்பா என்னை நிறுத்தச் சொன்னார். "கை போனவன் எப்படிச் சோறு திம்பான்னு அந்தப் பய யோசிச்சானா?" என்றார். அண்ணனைக் கொன்றவன் கை அல்லவா, அப்பா பையன் பக்கம் பேசுவார் என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னார். அந்த மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் கத்தி இறங்கும். "காலண்டர் சீசன். வேலை ஓடலைன்னு ஒரு பட்டனுக்கு ஒயரைக் கட்டி விட்டுட்டாங்க. ஒரு கையில பேப்பரைத் தள்ளணும், ஒரு கையில அமுக்கணும்."

சீரீஸில் இரண்டு சுவிட்ச், அதில் ஒன்றை ஷார்ட் பண்ணியிருக்கிறார்கள். நண்பர்களே, இது நமக்கு முதல் வருடப் பாடம். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து வாட்ச்மேன் வேலைக்கு மாற்றினார்களாம். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீத இழப்பு என்று 1923-ஆம் வருடச் சட்டத்திலேயே அட்டவணை போட்டிருந்தார்கள். அதை எங்கள் வீட்டில் வாசிக்க ஆள் இல்லை. எனக்கு ஆறு வயசு.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் படித்தேன். அதில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும். வேகமாகப் போகிற கதை, வேகமாக மறந்தும் போய்விட்டது. ஜீனோவை மட்டும் மறக்கவில்லை.

கதை படித்தால் கெட்டுப்போவான் என்கிற பெரியவர்களிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. நம் நூலகத்தில் வினா வங்கி ஐந்து அலமாரிக்கு இருக்கிறது. மாணவர் மன்றம் பேசி ஒரே ஒரு அலமாரி நாவலுக்கும் காமிக்ஸுக்கும் வாங்கித் தரட்டும். என்னிடம் உள்ள அட்டை இல்லாத மாயாவியை முதல் புத்தகமாகத் தருகிறேன். 'வெக்கை'யை மட்டும் இப்போது தர முடியாது. பையனும் அப்பனும் கோர்ட்டில் சரணடையப் போவதோடு கதை முடிகிறது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று அம்மா தினமும் கேட்கிறாள். "அவ்வளவுதாம்மா எழுதியிருக்கு" என்றால் நம்புவதில்லை. "நீ சரியாப் படிச்சிருக்க மாட்டே. இன்னொருக்கா பாரு" என்கிறாள்.