கிழிசலுக்கு ஒரு துண்டுத் தோல்

காரின் தோல் இருக்கை பெரும்பாலும் கிழிவது, ஓட்டுநர் ஏறி இறங்கும்போது உடலின் எடையையும் உராய்வையும் தாங்கிக்கொள்ளும், கதவை ஒட்டிய பக்கத் திண்டில்தான். பதனிட்ட தோலின் மேல் நிறப்பூச்சும், அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்னும் நெகிழ்வான பொருளால் ஆன காப்புப் பூச்சும் இருக்கின்றன. வெயிலில் இப்பூச்சு நாளடைவில் வெடிக்க, வெடிப்பின் வழியே வியர்வையும் தூசியும் இறங்கித் தோலின் நாரை நலிவுறச் செய்கின்றன. அடியிலுள்ள ஃபோமும் அமுங்கிப் போயிருந்தால் தாங்கலின்றி மடியும் இடத்தில் கிழிசல் விழுகிறது. விரல் நீளமுள்ள இக்கிழிசலுக்காக எல்லா இருக்கைகளுக்கும் புதிய உறை போடச் சொல்வது கடைகளின் வழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் வீண்செலவு; உறைக்கு அடியில் கிழிசல் மறைகிறதே தவிர, வளர்வது நிற்பதில்லை.

செலவு செய்யுமுன் கிழிந்திருப்பது தோல்தானா என்று பார்த்துவிட வேண்டும். தோல் இருக்கை என்று விற்கப்படும் பல கார்களில் உட்காரும் பரப்பு மட்டுமே தோலாக இருக்க, பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்சினாக, அதாவது துணியின் மேல் பிவிசியோ பாலியூரித்தேனோ பூசிய செயற்கைத் தோலாக இருக்கின்றன. கிழிந்த விளிம்பை விரித்துப் பார்த்தால் தோலில் பின்னிக் கிடக்கும் நார்களும், ரெக்சினில் நெய்த துணியும் தெரியும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பாலியூரித்தேன் ரெக்சின் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியக்கூடும். நீர் அப்பொருளின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும் நீராற்பகுப்பு என்னும் வேதிமாற்றமே இதற்குக் காரணம் என்பதால், அதற்குப் பசையோ நிறமோ வாங்குவதில் பயனில்லை. அந்தப் பகுதியை மாற்றத்தான் வேண்டும்.

உண்மையான தோலில், தையலுக்கு அப்பால் பரப்பின் நடுவே விழுந்த சிறு கிழிசலைப் பொறுமையுள்ள எவரும் வீட்டிலேயே சரிசெய்யலாம். கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமான பருத்தித் துணியை, மூலைகளை வட்டமாக வெட்டி, மழுங்கிய கத்தியால் கிழிசலுக்குள் நுழைத்துத் தோலின் அடியில் சுருக்கமின்றி விரிக்க வேண்டும். பின்னர் காய்ந்தாலும் வளையக்கூடிய தோல் பசையைத் துணிக்கும் தோலுக்கும் இடையே தடவி, இரு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேருமாறு அழுத்தி, பசை நன்றாகக் காயும்வரை விட வேண்டும். நொடியில் ஒட்டும் பசை கல்லாக இறுகிவிடுவதால், அந்த விறைப்பின் ஓரத்திலேயே அடுத்த கிழிசல் தொடங்கும். பசை காய்ந்தபின் நெகிழ்வான நிரப்பியை மெல்லிய பூச்சுகளாக இட்டு, 600 எண் உப்புத்தாளால் தேய்த்து, நிறமும் காப்புப் பூச்சும் கொடுத்தால் வேலை முடிந்தது. தழும்பு முற்றிலும் மறையாது. ஆனால் கிழிசல் நின்றுவிடும்.

தையல் பிரிந்திருந்தாலோ திண்டின் தோல் முழுதுமே நைந்திருந்தாலோ குஷன் வேலை செய்பவரிடம்தான் போக வேண்டும். அவர் கம்பி வளையங்களைக் கழற்றி உறையை எடுத்து, நைந்த துண்டின் தையலைப் பிரித்து, அதையே அச்சாக வைத்துப் புதுத் துண்டு வெட்டித் தைப்பார். முழு உறை விற்பதில் கிடைக்கும் ஆதாயம் இதில் கிடைக்காது என்பதால், ஒரு துண்டு மட்டும் மாற்ற வேண்டும் என்பதை வாடிக்கையாளரே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். சென்னைப் பெரியமேட்டின் தோல் கடைகளில் துண்டுத் தோல் தேடிப் பார்க்கலாம். ஆடைக்கான மெல்லிய தோலைத் தவிர்த்து, ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்புள்ளதைக் கேட்க வேண்டும். நூல் நைலானாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். அமுங்கிய ஃபோமையும் அப்போதே நிரப்பாவிட்டால் புதுத் தோலும் அதே இடத்தில் மடிந்து கிழியும்.

ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. இருக்கையின் பக்கத்தில் ஏர்பேக் என்ற எழுத்து இருந்தால், விபத்தின்போது காற்றுப்பை விரிய வழிவிட்டுப் பிரியுமாறு அங்குள்ள தையல் தனியாக அமைக்கப்பட்டிருக்கும். அதை வலுவான நூலால் தைப்பதும், மேலே சாதாரண உறை மாட்டுவதும் பை விரிவதைத் தடுத்துவிடக்கூடும். அந்த வேலை கார் நிறுவனத்தின் பணிமனைக்கே உரியது.

பராமரிப்புக்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது. துணி சோப்பின் காரம் அதற்கு ஆகாது. தோலுக்கென்றே விற்கும் மென்மையான கழுவியை ஈரத்துணியில் தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தேங்காயெண்ணெய் தடவும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். காப்புப் பூச்சைத் தாண்டி அது உள்ளே இறங்குவதில்லை, மேலே தங்கித் தூசியைப் பிடித்துவைத்து, வெடிப்பிருந்தால் அதன் வழியே தோலில் கறையாகப் படிகிறது. வெயிலில் நிறுத்த நேரும் காரின் முன்கண்ணாடிக்கு ஒரு மறைப்பும், ஓட்டுநரின் பக்கத் திண்டுக்கு மாதம் ஒருமுறை ஒரு பார்வையும் தேவை. வெடிப்பு மேற்பூச்சோடு இருக்கும்போதே கண்ணில் பட்டால், ஊசியோ துணியோ இன்றிச் சிறிது நிரப்பியும் நிறமும் அதற்குப் போதும்.