வைக்கோலுக்கு நெருப்பு வைக்க முதல் ஒரு கணக்கு



நெடுங்கேணிப் பக்கம் வெட்டு முடிந்த வயல்களில் இந்த முறையும் புகை எழும்புது. மெசின் வெட்டிப்போட்ட வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறார்கள். இதைப் பற்றிப் பாடசாலையில் கதைத்தபோது, "இயற்கைப் பசளைக் கதை வேண்டாம் சேர், 2021இல பட்டது காணும்" என்றார் ஒரு பிள்ளையின் தகப்பன்.

அவர் சொன்னதில் பிழையில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தார்கள். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. விளைச்சல் விழுந்தது. டொலரும் இல்லாமல் போக, 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நெல்லு விளையுற வன்னியிலேயே அந்த வருச ரமழானில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி அளந்துதான் போட்டோம்.

பிழை எங்கே? பிள்ளைகளோடு கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 50 கிலோ யூரியா மூடையில் 46 வீதம் நைதரசன். அதாவது 23 கிலோ. கூட்டெருவில் 2 வீதம் என்று தாராளமாக வைத்தாலும் அதே 23 கிலோவுக்கு 1150 கிலோ எரு வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். மிச்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத்தான் விடும். ஒரு மூடைக்கே இவ்வளவு என்றால், நாடு முழுவதற்கும் ஆறு மாதத்தில் எங்கே போவது? பிழை எருவில் இல்லை, அவசரத்தில்.

இப்போது நாங்கள் மற்றப் பக்கம் சாய்ந்துவிட்டோம். யூரியா வந்ததும் எருவை மறந்தாச்சு. ஆனால் யூரியா கப்பலில் வருவது. உக்ரேனில் போர் என்றாலும் விலை ஏறும். அது எங்கள் கையில் இல்லை.

வைக்கோல் எங்கள் கையில் இருக்கு. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. எரித்தால் நைதரசன் புகையோடு போகும், மண்ணில் ஈரத்தைப் பிடிக்கிற சேதனப் பொருளும் போகும். மிஞ்சும் சாம்பலிலும் ஒரு பகுதி காற்றோடும் மழையோடும் போய்விடும்.

எரிப்பவர்களுக்கும் நியாயம் இருக்கு. உழவில் சிக்கும், கூலிக்கு ஆளில்லை. அதனால் முழு வயலையும் கேட்கவில்லை. அரை ஏக்கரில் வைக்கோலைப் பரப்பி, விதைப்புக்கு மூன்று நாலு கிழமை முதலே உழுது மடித்துப் பாருங்கள். வேலிக் கிளிசரியாத் தழையையும் சேருங்கள். மேட்டுக்காணியில் உழுந்து போட்டால் அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும். இது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. யூரியாவை விடச் சொல்லவில்லை. மண் தேறத் தேறக் குறைக்கலாம்.

நாளைக்கு இன்னொரு திடீர் முடிவு வந்தாலும் எங்கள் பிள்ளைகளின் கோப்பையில் சோறு இருக்க வேண்டும். அதற்கு இப்பவே மண்ணைத் தேற்ற வேண்டும்.

செய்து பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவோம்.