விஆர் கண்ணாடிக்கு முன் முகாம் வரட்டும்

தோழர்களே, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறையில் விஆர் கண்ணாடி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பேருந்தில் ஏறுவதை, சாலையைக் கடப்பதை ஆபத்தில்லாமல் பலமுறை பழகிப் பார்க்கலாம். (தலையில் அந்தக் கனத்தையே தாங்காத பிள்ளைகளும் உண்டு.)

ஆனால் தஞ்சை வயல்களில் நடவுக்குப் போகிறவளின் மகன் பேசாமல் ஒதுங்கியிருந்தால், ‘சேரிப் பிள்ளை, படிப்பு ஏறாது’ என்று கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆட்டிசம் என்ற சொல்லே அவன் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. 18 வயதுவரை இலவசக் கல்வியும் உண்டு. சான்றிதழ் இருந்தால்தான்! அதற்கு அலைந்தால் கூலி போச்சு.

மதிப்பீட்டு முகாமைச் சேரியிலேயே நடத்தச் சொல்லி மனு கொடுங்கள். பிறகு கண்ணாடி வரட்டும். அதற்குள் ஏதோ வெளிநாட்டுத் தெரு வேண்டாம்; நம் காலனியிலிருந்து பள்ளிக்குப் போகும் வாய்க்கால் பாதையும் ரேஷன் கடை வரிசையும் இருக்கட்டும்.