மான்களைத் தாக்கும் ‘ஸோம்பி’ நோய் மனிதர்களுக்கு வருமா? பிரிட்டனின் ‘மேட் கவ்’ அனுபவம் சொல்வது என்ன?

‘ஸோம்பி மான்’ வீடியோ ஒன்றாவது உங்கள் மொபைலுக்கு வந்திருக்கும். எலும்பும் தோலுமாக, வாயில் எச்சில் வழிய, ஆட்களைப் பார்த்தும் ஓடாமல் நிற்கும் மான். 2023 நவம்பரில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இறந்து கிடந்த ஒரு மானுக்கு இந்த நோய் இருந்தது உறுதியானது. அந்தப் பூங்காவுக்குள் அதுவே முதல் முறை. அதன் பிறகு இந்த வீடியோக்கள் இன்னொரு சுற்று வந்தன.

நோயின் உண்மையான பெயர் கிரானிக் வேஸ்டிங் டிசீஸ். சுருக்கமாக சி.டபிள்யூ.டி. 1967-ல் கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் காணப்பட்டது. இன்று அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. கனடா, தென் கொரியா, நார்வே, ஸ்வீடன், பின்லாந்து வரை போய்விட்டது.

இந்த நோய் மானிடமிருந்து ஒரு மனிதருக்காவது பரவியதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு கவலை? ‘இதுவரை மனிதர்களுக்கு வரவில்லை’ என்ற இதே வாதத்தை நம்பி பிரிட்டன் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

கிருமியே இல்லாத தொற்று

சி.டபிள்யூ.டி-க்குக் காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. ப்ரியான் என்ற புரதம். நம் எல்லோர் மூளையிலும் இந்தப் புரதத்தின் நல்ல வடிவம் இருக்கிறது. அது தப்பாக மடிந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதங்களையும் தன்னைப் போலவே மடிய வைக்கும். அது சங்கிலியாகத் தொடர்ந்து, கடைசியில் மூளை பஞ்சு போல ஓட்டை ஓட்டையாகிவிடும். தடுப்பூசி கிடையாது, மருந்து கிடையாது. வந்தால் மரணம்தான்.

‘நல்லா வேக வெச்சா சரியாயிடும்’ என்பது இங்கே செல்லாது. சமையல் சூட்டில் ப்ரியான் அழியாது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் வழக்கமான முறைகளிலும் முழுமையாக அழிவதில்லை. ‘மரபணுவே இல்லாத ஒரு புரதம் எப்படித் தொற்றும்?’ என்று விஞ்ஞானிகளே பல வருடம் நம்ப மறுத்தார்கள். 1982-ல் இதற்கு ப்ரியான் என்று பெயர் வைத்த ஸ்டான்லி ப்ருசினருக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பிரிட்டனில் நடந்தது என்ன?

1986-ல் பிரிட்டனில் மாடுகள் தள்ளாடி விழ ஆரம்பித்தன. பி.எஸ்.இ என்ற இந்த நோயைத்தான் பத்திரிகைகள் ‘மேட் கவ்’ என்றன. காரணம் தீவனத்தில் இருந்தது. இறைச்சிக்கு அறுத்த மாடு, ஆடுகளின் மிச்சத்தை அரைத்து, புரதச் சத்துக்காக மாடுகளுக்கே போட்டார்கள். புல் தின்னும் மாடு, தனக்கே தெரியாமல் மாட்டைத் தின்றது.

1988 ஜூலையில் அந்தத் தீவனம் தடை செய்யப்பட்டது. முடிவு சரிதான். ஆனால் நடைமுறையில் இரண்டு ஓட்டைகள். பன்றிக்கும் கோழிக்கும் அதே தீவனத்தைப் போடலாம் என்று விட்டார்கள். ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில் எல்லாத் தீவனமும் அரைபட்டதால் மாட்டுத் தீவனத்திலும் அது கலந்தது. ஒரு மாட்டுக்கு நோய் வர பாதிக்கப்பட்ட மூளைத் திசு ஒரு மில்லிகிராம் போதும் என்பது பின்னால் நடந்த ஆய்வுகளில்தான் தெரிந்தது. தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளில் மட்டும் 40,000-க்கும் மேல் நோயில் விழுந்தன.

இரண்டாவது ஓட்டை பணம் சம்பந்தப்பட்டது. நோயுள்ள மாட்டை ஒப்படைத்தால் அதன் மதிப்பில் பாதிதான் நஷ்டஈடு என்று 1988-ல் அறிவித்தார்கள். தள்ளாடுகிற மாட்டைச் சொல்லாமல் சந்தைக்கு ஓட்டினால் முழு விலை கிடைக்கும். ஒரு விவசாயி என்ன செய்வார் என்று யோசிக்க பெரிய நிபுணர் தேவையில்லை. 1990 பிப்ரவரியில்தான் அது முழு மதிப்பாக உயர்த்தப்பட்டது.

‘ஆபத்து மிகக் குறைவு’ என்ற வரி

மனிதர்களுக்கு ஆபத்து உண்டா என்று ஆராய சவுத்வுட் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. 1989 பிப்ரவரியில் வந்த அறிக்கை, ஆபத்துக்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றது. அவர்கள் பிடித்துக்கொண்ட ஆதாரம் ஆடு. செம்மறி ஆடுகளுக்கு ‘ஸ்கிரேபி’ என்ற இதே வகை நோய் 200 வருடங்களுக்கும் மேலாக இருக்கிறது. அந்த ஆட்டுக்கறியைச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. அப்போ மாட்டிலிருந்தும் வராது என்று நினைத்தார்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. தங்கள் கணிப்பு தவறாக இருந்தால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்ற எச்சரிக்கை. அரசு முதல் வரியை ஊரெல்லாம் சொன்னது. இரண்டாவது வரி காகிதத்திலேயே தங்கிவிட்டது.

1990 மே மாதம், ஒரு வீட்டுப் பூனை இதே போன்ற மூளை நோயால் இறந்ததாகச் செய்தி வந்தது. மாட்டு நோய் வேறு விலங்குக்குத் தாவுகிறதா என்று நாடே பதறியது. அடுத்த சில நாட்களில் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், கேமராக்கள் முன்னால் தன் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்டப் பார்த்தார். சூடாக இருக்கிறது என்று குழந்தை வாங்க மறுத்துவிட்டது. பிரிட்டன் டிவி வரலாற்றில் இன்றும் மறையாத காட்சி அது.

1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்தார். 10 பேருக்குப் புதுவகை மூளை நோய் வந்திருக்கிறது, பி.எஸ்.இ தாக்கிய மாடுகள்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். வழக்கமான சி.ஜே.டி நோய் 60 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். இந்தப் பத்துப் பேரும் இளம் வயதினர், நடுவயதினர். பிரிட்டனில் இந்த வி.சி.ஜே.டி நோய்க்கு மொத்தம் 178 பேர் பலியானார்கள். லட்சக்கணக்கான மாடுகள் கொன்று எரிக்கப்பட்டன.

2000-ல் வந்த பிலிப்ஸ் விசாரணை அறிக்கை, அரசு பொய் சொல்லவில்லை என்றது. ஆபத்து குறைவு என்று அதிகாரிகள் நிஜமாகவே நம்பினார்கள். மக்கள் பீதி அடைந்துவிடக் கூடாது என்பதே அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. விளைவு, உண்மை வெளியே வந்த நாளில் அரசு சொல்லும் எதையும் நம்ப ஆள் இல்லை.

ரத்தத்தில் மட்டும் ஏன் முந்திக்கொண்டார்கள்?

ரத்த தான விஷயத்தில் பிரிட்டன் வேறு மாதிரி நடந்துகொண்டது. ரத்தம் மூலம் இந்த நோய் பரவும் என்பதற்கு ஆதாரமே இல்லாதபோது, 1999-லேயே தானம் பெற்ற ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை வடிகட்ட ஆரம்பித்தார்கள். செலவு அதிகம். ‘தேவையா?’ என்ற கேள்வியும் வந்தது.

2003 டிசம்பரில், ரத்தம் ஏற்றிக்கொண்டதால் நோய் வந்திருக்கலாம் என்ற முதல் தகவல் வெளியானது. மொத்தம் 3 பேருக்கு அப்படி நோய் வந்தது. வேறு காரணத்தால் இறந்த நான்காவது நபரின் உடலிலும் ப்ரியான் இருந்தது. நால்வரும் வடிகட்டும் முறை வருவதற்கு முன் ரத்தம் பெற்றவர்கள். அதற்குப் பின் கொடுக்கப்பட்ட ரத்தத்தால் பரவியதாக ஒரு கேஸ்கூட தெரியவரவில்லை.

1980 முதல் 1996 வரையான காலத்தில் பிரிட்டனில் சில மாதங்கள் தங்கியிருந்தவர்கள் ரத்தம் கொடுக்க அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் தடை போட்டதும் இதனால்தான். அந்த வருடங்களில் லண்டனில் படித்துவிட்டோ வேலை பார்த்துவிட்டோ இந்த நாடுகளில் குடியேறியவர்களுக்கும் அது பொருந்தியது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் 2022-ல் தடையை நீக்கின. கனடா 2023-ல் நீக்கியது.

ஆபத்து முழுசா போய்விட்டதா? 2013-ல் வெளியான ஆய்வில், பிரிட்டனில் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட 32,441 குடல்வால்களைச் சோதித்தார்கள். 16-ல் தப்பான ப்ரியான் இருந்தது. அதாவது சுமார் 2,000 பேரில் ஒருவர். அவர்களுக்கு எப்போதாவது நோய் வருமா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. பப்புவா நியூ கினியாவில் இறந்தவர்களின் உடலை உண்ணும் சடங்கால் பரவிய ‘குரு’ என்ற ப்ரியான் நோய், சிலருக்கு 50 வருடம் கழித்து வந்திருக்கிறது. ஆனாலும் காத்திருந்த நோயாளிகள் கூட்டமாக வரவில்லை. தடையை நீக்கினால் ரத்த வங்கிக்குப் பல ஆயிரம் பேர் திரும்பக் கிடைப்பார்கள். அந்தக் கணக்கில்தான் முடிவு எடுக்கப்பட்டது.

இந்தியாவில் என்ன நிலை?

பி.எஸ்.இ விஷயத்தில் இந்தியாவுக்கு 2010 முதல் ‘புறக்கணிக்கத்தக்க ஆபத்து’ என்ற உலக விலங்கு நல அமைப்பின் தரநிலை இருக்கிறது. பால், தயிர் மூலம் இந்த நோய் பரவுவதாக ஆதாரம் இல்லை. மனிதர்களுக்குத் தானாகவே வரும் சி.ஜே.டி உலகம் முழுக்க 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. அதற்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு கிடையாது.

சரி, மான் விஷயம்?

மாட்டைவிட மான் சிக்கலானது. மாட்டில் ப்ரியான் பெரும்பாலும் மூளை, தண்டுவடம் போன்ற உறுப்புகளில் இருந்தது. அவற்றை வெட்டி எறிந்தால் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். மானில் தசை, எச்சில், சிறுநீர், சாணம் எல்லாவற்றிலும் இருக்கிறது. மண்ணில் கலந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். நார்வே 2016-ல் காட்டுக் கலைமானிடம் நோயைக் கண்டதும், நோர்ட்ஃபியெல்லா பகுதியில் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட கலைமான் மந்தையையே சுட்டு அழித்தது. பரந்த காடுகளில் பல லட்சம் மான்கள் திரியும் அமெரிக்காவில் அது நடக்கிற காரியம் இல்லை.

மனிதருக்குத் தாவுமா என்பதில் ஆய்வுகள் ஒரே திசையில் இல்லை. 2024-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்த மனித மூளைத் திசுக்களில் சி.டபிள்யூ.டி ப்ரியானைச் செலுத்தி ஆறு மாதம் கவனித்தார்கள். தொற்று ஏற்படவில்லை. குரங்குகளில் நடந்த சோதனைகளில் அமெரிக்க ஆய்வு பரவவில்லை என்றது. கனடாவின் முதற்கட்ட முடிவுகள் பரவியதாகச் சொன்னதால்தான் கவலை கூடியது.

அதனால் அமெரிக்க நோய் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி, ‘வரும்’ என்றோ ‘வராது’ என்றோ அடித்துச் சொல்வதில்லை. நோய் பரவிய பகுதியில் வேட்டையாடினால் மானைச் சோதிக்கக் கொடுங்கள், முடிவு ‘பாசிட்டிவ்’ என்றால் சாப்பிடாதீர்கள் என்கிறது. வேட்டைக்காரர்கள் மானின் கழுத்து நிணநீர்க் கணுவை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வைத்துக் காத்திருக்கிறார்கள். நோய் இல்லாவிட்டாலும் அந்த அறிக்கையில் ‘பாதுகாப்பானது’ என்று எழுதித் தர மாட்டார்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும்தான் இருக்கும்.