வெள்ளம் வந்தா லைன் ஏன் போகுது? நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

டிசம்பர் 18, 2021, சனிக்கிழமை. கிள்ளானை ஒட்டிய ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. மாடியிலும் கூரையிலும் சிக்கியவர்களுக்கு உதவி கேட்க இருந்த ஒரே வழி கைப்பேசி. ஆனால் மின்சாரம் போனது, பேட்டரி இறங்கியது, பல இடங்களில் லைனும் போனது.

அந்த நிலை நாளைக்கு உங்களுக்கு வந்தால்?

லைன் எப்படிப் போகுது?

கோபுரம் சாய்ந்தால்தான் லைன் போகும்னு இல்ல. பெரும்பாலும் முதலில் போவது மின்சாரம். கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். சாலை மூழ்கினால் ஜெனரேட்டருக்கு டீசலும் போய்ச் சேராது. ஃபைபர் கேபிள் அறுந்தால், திரையில் சிக்னல் முழுசா இருந்தாலும் கால் போகாது. மிச்சமிருக்கும் கோபுரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் நெரிசல் வேறு.

மீட்புப் படை எப்படிப் பேசுகிறது?

போலீஸ், போம்பா போன்ற துறைகளுக்கு ஜி.ஐ.ஆர்.என். என்ற தனி வானொலித் தொடர்பு உண்டு. அது டெட்ரா தொழில்நுட்பத்தில் இயங்குகிறது. கோபுரம் செயலிழந்தாலும், அருகருகே உள்ள இரண்டு டெட்ரா கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியும். நம் கைப்பேசி அழைப்புக்கு அந்த வசதி இல்லை.

எச்சரிக்கை எப்போது வரணும்?

லைன் இருக்கும்போதே. இதற்குத்தான் 'செல் பிராட்காஸ்ட்'. எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போகும். இதுவோ கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே நேரத்தில் போகும், நெரிசலும் தடுக்காது. 2025 ஏப்ரல் 1, புத்ரா ஹைட்ஸ் எரிவாயுக் குழாய் தீ போன்ற சம்பவத்தில் மக்களுக்குக் கிடைப்பது நிமிடங்கள்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- கால் போகலையா? எஸ்எம்எஸ் அனுப்புங்க. கொஞ்சம் சிக்னல் கிடைத்தாலே போய்விடும். முழு முகவரி, எத்தனை பேர் என்று எழுதுங்க.
- உங்கள் லைன் இல்லாவிட்டாலும் 999-ஐ அழைத்துப் பாருங்க. வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அதன் வழியாகப் போகும்.
- பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவில் 20-வது மாடியில் இருந்தாலும், கரண்ட் போனால் வைஃபையும் போகும். பவர் பேங்க்கை நிரப்பி வையுங்க.
- பேட்டரியில் ஓடும் சின்ன எஃப்எம் ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். இணையம் இல்லாமலே மின்னல் எஃப்எம் செய்தி கேட்கலாம்.

கோபுரங்களை வலுப்படுத்துவது டெலிகோக்களின், அரசின் பொறுப்பு. ஆனால் தண்ணீர் வாசலுக்கு வருமுன்னே எச்சரிக்கை உங்கள் கைக்கு வரணும்.