தாத்தாவின் ரிவால்வர் என்ன விலை?

எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவன் தன் பைக்குக்குப் புது சைலன்சர், வளைந்த ஹேண்டில்பார், டேங்க்கில் நெருப்புப் படம் என்று நாற்பதாயிரம் செலவழித்தான். விற்கப் போனபோது, வந்த ஆள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: ''பழைய சைலன்சர் இருக்கா சார்?''

தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவனை என் பெரியப்பாவிடம் அழைத்துப் போயிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரியப்பா இருப்பது கோடியக்கரை. அவரிடம் ஒரு பாயிண்ட் 32 வெப்ளி அண்ட் ஸ்காட் ரிவால்வர் இருந்தது. தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் மிராசுதாராக இருந்த காலத்தில் வாங்கிய சீமைச் சரக்கு. லைசென்ஸ் பக்கா. பிறகு ஆசை யாரை விட்டது? கைப்பிடிக்கு யானைத் தந்தம் போட்டார் தாத்தா. பக்கவாட்டில் தன் இனிஷியலைச் செதுக்கினார். பெரியப்பா தன் பங்குக்கு, பாத்திரத்துக்குப் போடுவது போல, பளபளவென்று நிக்கல் பாலிஷ் போட்டு வைத்தார்.

2018 நவம்பரில் வந்த கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. மறுபடி கன்று நடக் கடன். அதற்கு வட்டி. ''இதை வித்துடலாம்டா'' என்றார் பெரியப்பா.

அவர் கணக்கு இது: துப்பாக்கி மூன்று லட்சம், தந்தம் ஒரு லட்சம், செதுக்கு வேலை, பாலிஷ் எல்லாம் சேர்த்து இன்னொரு லட்சம். ஆக ஐந்து!

உள்ளூரில் ஒருவர் ஆசைப்பட்டார். ஆனால் சட்டம் குறுக்கே வந்தது. கோடியக்கரை, வெளிமான்களுக்காக 1967-லேயே சரணாலயமான இடம். சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவில் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டுமென்றால், தலைமை வனஉயிரினக் காப்பாளர் முதலில் சம்மதிக்க வேண்டும். அவர் ஏன் சம்மதிக்கிறார்? மான் பக்கத்தில் துப்பாக்கியா!

சரியென்று திருச்சியில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, டார்ச் அடித்துக் குழலுக்குள் எட்டிப் பார்த்தார்.

''கடல் பக்கமா சார்?''

''எப்படிக் கண்டுபிடிச்சீங்க?''

''உள்ளே உப்புக்காத்து அரிச்சிருக்கு. வெளியே மாப்பிள்ளை, உள்ளே சீக்காளி.''

அப்புறம் உருளையை ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் அதிகமில்லை என்று தலையசைத்தார். பாலிஷுக்கு அடியில் நம்பரைத் தேடினார். லென்ஸ் வைத்தபிறகுதான் மங்கலாகத் தெரிந்தது.

''நல்லவேளை. நம்பர் அழிஞ்சிருந்தா பத்து பைசா தேறாது. யார் கையில இருக்கோ அவங்கதான் அழிச்சாங்கன்னு சட்டமே எடுத்துக்கும். இல்லேன்னு நிரூபிக்கறது நம்ம பாடு.''

பெரியப்பா மெதுவாகத் தந்தத்தைத் தடவிக் காட்டினார்.

''ஐயோ, இதை நான் தொடக்கூட மாட்டேன் ஐயா! இந்தியத் தந்த வியாபாரம் 1986-லயே தடை. ஆப்பிரிக்கத் தந்தமும் 1991-ல போச்சு. இதைக் கழட்டிட்டு வாங்க, மரப்பிடி போட்டுக்கலாம்.''

''சரி, இந்த செதுக்கு வேலை?''

''உங்க அப்பா இனிஷியலை இன்னொருத்தர் எதுக்கு இடுப்புல கட்டிக்கணும்?''

பிறகு விலைக்கு வந்தார். 1980-களின் மத்தியில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை அரசு இறுக்கியபிறகு, பழைய சீமைத் துப்பாக்கிக்கு யானை விலை. 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வரை விட்டபோது அதன் விலை சுமார் 1.22 லட்சம். பழைய வெப்ளிக்கு அதைவிடப் பலமடங்கு கேட்டவர்கள் உண்டு. ஆனால் இப்போது வெப்ளி பெயரிலேயே உத்தரப்பிரதேசத்தில் ரிவால்வர் செய்கிறார்கள். போதாததற்கு, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதை 2019-ல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். மூன்றாவதை வைத்திருந்தவரெல்லாம் கடையைத் தேடி வந்துவிட்டார்!

''இரண்டரை. அதுவும் குழலுக்காகவும் உருளைக்காகவும்தான். அலங்காரத்துக்கு ஒண்ணும் கிடையாது.''

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா பேசவே இல்லை.

மூன்றாம் நாள், யாரோ சொல்லி ஓர் ஆள் வீட்டுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, விலை உயர்ந்த செருப்பு. ''நாலரை லட்சம், ரொக்கம். பேப்பர் கீப்பர் எதுவும் வேண்டாம். போலீஸ்ல தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க'' என்றார். வட்டிக்காரனும் அன்று காலைதான் வந்துவிட்டுப் போயிருந்தான். பெரியப்பா, ''நாளைக்குச் சொல்றேன்'' என்றார்.

எனக்குப் பக்கென்றது. நானும் வாயைத் திறக்கவில்லை. கடன் அவருடையது, புத்தி சொல்ல எனக்கென்ன யோக்யதை?

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து ரிவால்வரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இனிஷியலிடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

''ஏண்டா தம்பி... அவன் இதை எடுத்துட்டுப் போய் எவனைச் சுட்டாலும், இதுல இருக்கிறது எங்கப்பா பேருதானே?''

அவ்வளவுதான். காலையில் அந்த ஆளுக்குப் பதில் போய்விட்டது.

திருச்சிக் கடைக்காரரே லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார். யாருக்கு விற்கிறோம், அவர் விலாசம் என்ன என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, சட்டப்படி நாற்பத்தைந்து நாள் காத்திருந்தோம். மரப்பிடியோடு இரண்டரைக்கே போனது. தந்தத்தை வனத்துறையிடம் ஒப்படைத்தாகிவிட்டது. கடனில் பாதிதான் தீர்ந்தது.

வாங்கியவர் முதல் வேலையாக இனிஷியலை எடுத்துவிடுவதாகச் சொன்னாராம். ''நம்பர்மேல கை வச்சுடப் போறான், பாத்து எடுக்கச் சொல்லு'' என்று இன்னமும் போனில் நச்சரிக்கிறார் பெரியப்பா!