வீட்டுக்குள்ள ஒரு மலையோடை

கனடா வீடுகளில் பேஸ்மென்ட் எப்பவும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். எங்க வீட்டில் 20 டிகிரி. கோடை காலத்திலும் பெரிசா ஏறாது. மலையோடை மீன்களுக்கு அதுவே சுகம், ஹீட்டரே வேண்டாம். தண்ணி குளிரக் குளிர அதில் கரையும் ஆக்சிஜன் கூடும்: 30 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம், 20 டிகிரியில் 9.

நீளமான தொட்டியா வாங்குங்க. ஒரு முனையில் பவர்ஹெட். அது உறிஞ்சும் வாய் மறுமுனையில். இரண்டையும் சரளைக்கு அடியில் ஒரு பிவிசி குழாய் இணைக்கும். மேலே தண்ணி ஒரே பக்கமா ஓடும், அடியால் திரும்பி வரும். மொத்தத் தண்ணியும் மணிக்கு 10 முதல் 20 தடவை சுற்றணும். உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் கட்டாயம். இல்லாட்டி குஞ்சுகள் உள்ளே போயிடும். ஓட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்க உருண்டைக் கற்கள் போடுங்க.

மீன்? ஒயிட் கிளவுட் மினோ. கூடவே வியட்நாம் ஓடைகளின் ஹில்ஸ்ட்ரீம் லோச். கல்லோடு கல்லா ஒட்டிக்கிற இது நம்ம அயிரைக்குத் தூரத்துச் சொந்தம். ஊரில் பாட்டி குழம்பு வைச்ச மீனின் உறவை, பேத்தி இங்கே பேர் வைச்சுக் கூப்பிடுவாள்!

கஷ்டமானது காத்திருப்புதான். நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகலாம். "இன்னிக்கு மீன் வாங்கலாமா?" என்று தினமும் கேட்பாங்க. இளகிடாதீங்க, அவசரப்பட்டா முதல் மீன் பிள்ளை கண் முன்னாலேயே சாகும். டெஸ்ட் கிட்டையும் ஒரு நோட்டையும் அவங்க கையில் குடுங்க. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து நிற்கிற அன்றைக்கு, கடைக்குப் போகலாம் என்று அவங்களே சொல்லட்டும்.